அப்பாவின் சைக்கிளை வெளியே எடுங்கள்

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறீர்கள், ரீச்சர். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டரை. பள்ளிக்கூடக் காலத்தில் ஓடிய சைக்கிளை இப்போது பொழுதுபோக்காகத் திரும்ப ஓட ஆசை, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. கியர் சைக்கிள் ஒன்று புதிதாக வாங்குவதா, பின்கொட்டிலில் கிடக்கும் அப்பாவின் பழைய ரலி சைக்கிளைத் திருத்துவதா, வீட்டில் என்ன சாமான் வேண்டும், சின்னவனை எப்படி ஏற்றுவது, எந்தப் பக்கம் ஓடுவது, பின்னேரத்தில் ஓடலாமா. இவ்வளவும் கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். ரலியை வெளியே எடுங்கள்.

காசு மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை. 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது எத்தனையோ பேர் கேட்ட விலையைக் கொடுத்துச் சைக்கிள் வாங்கினார்கள். எண்ணெய் வந்ததும் அந்தச் சைக்கிள்கள் சுவரில் சாய்ந்தன. அவற்றில் கொஞ்சம் பிறகு என் விறாந்தைக்கு வந்தன, அயலவர்கள் கொண்டுவந்தார்கள். பார்த்தால் ஒன்றில் வால்வு ரியூப் (வால்வுக்குள் போடும் மெல்லிய றப்பர்) வெடித்திருக்கும், இன்னொன்றில் பிறேக் கட்டை றிம்மில் உரசும். பத்து நிமிட வேலை. ஓட விருப்பமில்லாமல் யாரும் நிறுத்தவில்லை. சைக்கிளுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாததால் முதல் பஞ்சரோடு நிறுத்தினார்கள். ஆகவே முதலில் கை பழகட்டும், பிறகு கால். ஆறு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தக் கைவேலையே பாதிப் பொழுதுபோக்கு.

வெளியே எடுத்ததும் துடைக்க முந்தி பிறேமைப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் என்பதால் இதுதான் முதல் கேள்வி. பெடல் கிராங்க் பொருந்தியிருக்கும் அடிப்பகுதி, பின்சில்லு பூட்டும் இடம், முன்கவையின் மேல்மூலை, இந்த மூன்று இடத்திலும்தான் உப்பு தங்கும். ஸ்பனரால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் மேலே படிந்த துரு மட்டும்தான், தேய்த்தால் போய்விடும். சத்தம் அமுங்கிப்போய், துரு ஏடு ஏடாகக் கழன்றால் அந்தப் பிறேமில் பிள்ளையை ஏற்றவே கூடாது. முன்கவையில் வெடிப்பு இருந்தாலும் அப்படித்தான். அந்த நிலையென்றால் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பிறேம் நல்லதென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லுக் கம்பிகளை எண்ணும் வேலையை மகளிடம் கொடுங்கள். பழைய ஆங்கிலேய மாதிரி என்றால் முன்சில்லில் 32, பின்சில்லில் 40 வரும். ஏன் பின்னால் கூட என்று அவளே கேட்பாள். ஓடுகிறவரின் பாரத்தில் பெரும்பங்கும் கரியர்ச் சுமையும் பின்சில்லில்தான் இறங்கும் என்று அவளைக் கரியரில் இருத்திக் காட்டலாம். அப்புறம் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டச் சொல்லுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் கிட்டத்தட்ட ஒரே ஒலியில் பாட வேண்டும். ‘தொப்’ என்று கேட்கும் கம்பி தளர்ந்த கம்பி. சில்லு ஆடுவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

அடுத்தது செயின். அதன் தேய்மானத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டாம், மகளின் அடிமட்டம் போதும். செயினின் ஒவ்வொரு ஆணிக்கும் இடையில் அரை அங்குலம். ஒரு ஆணியின் நடுவில் பூச்சியத்தை வைத்து 24 ஆணி எண்ணுங்கள். புதுச் செயினில் அந்த 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்குக்குப் போயிருந்தால் பின்பக்கப் பல்லுச்சக்கரமும் அதோடு சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயினை மட்டும் போட்டால் பல்லில் வழுக்கும்.

பெடலைக் கழற்றும்போது ஒன்று நினைவிருக்கட்டும். வலப்பக்கப் பெடல் எல்லா நட்டையும் போல இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடப்பக்கப் பெடலின் புரி மறுபக்கம், அது வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இரண்டும் ஒன்றென்று நினைத்து ஸ்பனரில் ஏறி நின்று புரியை அழித்தவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். நட்டுகள் துருவில் இறுகியிருந்தால் மண்ணெண்ணெயும் மெஷின் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து சொட்டவிட்டு ஒரு இரவு வையுங்கள். விடிய அரைவாசி தானாக இளகியிருக்கும்.

நீங்கள் தொடக்கூடாத வேலைகளும் உண்டு. கிராங்கைப் பிடித்திருக்கும் கொட்டர் பின்னை அடித்துக் கழற்றுவது, வளைந்த றிம்மை நேராக்குவது, சில்லுக் குடத்துக்குள் போல்ஸ் ஓடும் கிண்ணத்தை மாற்றுவது. இவற்றுக்குச் சைக்கிள் கடைக்காரரிடமே போங்கள். ஆனால் வேலை முடிந்த பிறகு போகாமல், அவர் செய்யும்போது மகளையும் கூட்டிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். பழைய கடைக்காரர்களுக்குக் கேட்கும் பிள்ளைகளில் தனிப் பிரியம் இருக்கும்.

சாமான்கள்: பெரிசு சின்னனாக்கும் ஸ்பனர் ஒன்று (பழைய ரலி நட்டுகள் அங்குலக் கணக்கில் வந்தவை, மில்லிமீற்றர் ஸ்பனர் வழுக்கி மூலையைத் தின்றுவிடும்), ஒரு குறடு, ஸ்க்ரூ டிரைவர், ரயர் கழற்றும் லீவர் இரண்டு, ஒட்டுச் சாமான் (ஒட்டுத் துண்டு, சொலூசன் என்கிற பசை, சாண்ட் பேப்பர்), நிலத்தில் வைத்து மிதித்து அடிக்கும் பம், ஒரு பழைய பேசின். இவ்வளவும் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள்ளும் கதவு மூலைக்குள்ளும் அடங்கும்.

பஞ்சரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். காற்று நிரப்பிய ரயர் உலகத்துக்கு வந்ததே ஒரு பிள்ளைக்காகத்தான். 1888 இல் பெல்பாஸ்ட் நகரத்தில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தன் மகனின் மூன்றுசில்லுச் சைக்கிள் கல்லுத் தெருவில் குலுங்காமல் ஓட வேண்டும் என்று றப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சுற்றினார். அதற்கு நாற்பது வருடத்துக்கு மேல் முந்தி ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் இதே எண்ணத்துக்குக் காப்புரிமை எடுத்திருந்தார், ஆனால் ஊருலகம் முழுக்க ஓடியது டன்லொப் செய்ததுதான். உங்கள் ரலியில் இருப்பதும் பெரும்பாலும் அவர் பெயரால் சொல்லும் வால்வுதான்: உள்ளே ஒரு சின்ன உலோகக் குச்சி, அதன்மேல் உறை மாதிரி மெல்லிய றப்பர். காற்று உள்ளே போகும்போது அந்த றப்பர் விலகி வழிவிடும், பிறகு குச்சியோடு ஒட்டி அடைக்கும்.

காற்று இறங்கினால் ரியூப்பை இழுக்க முந்தி இந்த வால்வைச் சந்தேகப்படுங்கள். விரலை நாக்கில் தொட்டு வால்வின் வாயில் எச்சில் தடவுங்கள். குமிழி ஊதினால் ரியூப்பில் பிழை இல்லை, றப்பர்தான் இற்றுவிட்டது. நம் வெயிலில் அது சீக்கிரம் இற்றுப்போகும். வால்வு ரியூப் மிகமிக மலிவு, ஐந்தாறு துண்டு வாங்கி ரின்னுக்குள் போட்டுவையுங்கள்.

வால்வு நல்லதென்றால் ரியூப்தான். பின்சில்லைக் கழற்றத் தேவையில்லை, ரயரின் ஒரு பக்க விளிம்பை லீவரால் எடுத்து ரியூப்பை வெளியே இழுத்தால் போதும். கொஞ்சம் காற்றடித்து, பேசின் தண்ணீருக்குள் சாண் சாணாக அமிழ்த்திக்கொண்டு போங்கள். குமிழி கண்டுபிடிக்கும் வேலை மகளுக்கு. என் மகள் காதைத் தண்ணீரோடு வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிய முந்தியே “அப்பா, இங்க கதைக்குது” என்பாள். துவாரத்தைக் குறித்து, ஈரம் துடைத்து, சாண்ட் பேப்பரால் மினுக்கம் போகும்வரை தேய்த்து, சொலூசனை ஒட்டைவிட அகலமாக மெல்லப் பூசுங்கள்.

இப்போது பொறுங்கள். எல்லாரும் பிழைவிடுவது இங்கேதான். சொலூசன் ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்து அழுத்துவார்கள், அது அடுத்த நாள் வெயிலில் உரியும். ஐந்து நிமிடம் விடுங்கள். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்டாமல் மங்கலாகக் காய்ந்திருக்க வேண்டும். அதன்பிறகு ஒட்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குப் பலமாக அழுத்துங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் ரயரின் உட்புறத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். வெறும் விரலால் தடவ வேண்டாம், பழைய பஞ்சுத் துணியால் தடவுங்கள், முள் இருந்தால் துணி இழுபடும். நம் பக்கத்து மணலில் நெருஞ்சி முள் தாராளம். முள்ளை எடுக்காமல் ரியூப்பை மட்டும் ஒட்டினால் தெருமுனைக்குப் போக முந்தி திரும்பவும் அதே கதை.

ரயர் மாற்ற வேண்டிவந்தால் பழைய ரயரையும் கையோடு கொண்டுபோங்கள். “28 சைஸ்” என்று வாயால் சொல்லி வாங்க முடியாது. பழைய ரலியில் வருவது பெரும்பாலும் 28 பெருக்கல் ஒன்றரை, அதன் உள்விட்டம் 635 மில்லிமீற்றர். இப்போதைய ஓட்டச் சைக்கிள்களின் 700சி ரயரும் பார்வைக்கு அதே அளவுதான், ஆனால் அது 622, ஏறவே ஏறாது. 26 இல் இன்னும் குழப்பம்: பெண்கள் சைக்கிளின் 26 பெருக்கல் ஒன்றே மூன்று எட்டு என்பது 590, மலைச் சைக்கிளின் 26 பெருக்கல் 1.95 என்பது 559. ரயரின் பக்கவாட்டில் சின்னதாக அடித்திருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

உப்புக்கு ஒரு சொல். ஈரக் கடற்கரை மணலில் ஓடாதீர்கள். ஓடினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, செயினின் ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு துளி மெஷின் ஒயில் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சில நாளில் பிசினாகி மணலைப் பிடித்துக்கொள்ளும்.

இனி மகள். துணைக்குப் பூட்டும் குட்டிச் சில்லு இரண்டும் வேண்டாம், இதில் நான் உறுதியாக இருக்கிறேன். சைக்கிள் விழாமல் நிற்பது, விழப்போகும் பக்கம் ஹாண்டிலைத் திருப்பி அதன் அடியில் சில்லைக் கொண்டுபோவதால்தான். குட்டிச் சில்லு பூட்டிய சைக்கிள் சாயவே சாயாது. சாயாத சைக்கிளில் அந்த ஒரு காரியத்தைப் பழக வழியில்லை. பிள்ளை மிதிக்க மட்டும் பழகும், கழற்றிய அன்றைக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு பெடலையும் கழற்றுங்கள் (இடப்பக்கம் மறுபுரி!). இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படும்வரை இருக்கையைத் தாழ்த்துங்கள். காலால் தள்ளித் தள்ளிப் போகட்டும். முதல் நாள் நடப்பாள், பிறகு எட்டி எட்டித் தள்ளுவாள், ஒருநாள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பத்து அடி மிதந்து போவாள். அந்தப் பத்து அடி இருபதாகி, வளைவும் திரும்பத் தொடங்கினால் பெடலைப் பூட்டுங்கள். அதன்பிறகு மிதிக்க அரைமணி நேரம்கூட எடுக்காத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பின்னால் ஓட வேண்டிவந்தால் ஹாண்டிலைப் பிடிக்காதீர்கள், பிடித்தால் திருப்புவது நீங்கள்தான், அவள் அல்ல. தோளிலோ அக்குளிலோ தாங்குங்கள். மணல் சில்லை இழுக்கும் என்பதால் இறுகிய தரை வேண்டும். டச்பே கடற்கரை வீதி ஞாயிறு விடியக்காலையில் இதற்குத் தோது.

அவளுக்குச் சைக்கிள் எடுப்பதென்றால் ஆறு வயதுக்கு 16 அல்லது 20 அங்குலச் சில்லு, உயரத்தைப் பார்த்து முடிவெடுங்கள். “வளர்ந்தும் ஓடட்டும்” என்று 24 எடுத்துக் கொடுக்காதீர்கள். நாங்கள் எல்லாரும் பெரிய சைக்கிளின் பாருக்குள் காலை விட்டு ஓடிப் பழகியவர்கள்தான், உண்மை. அதில் பல் உடைந்தவர்களையும் எனக்குத் தெரியும். வாங்கும்போது அவள் விரல் பிறேக் லீவரை எட்டிப் பிடிக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பல லீவர்களில் அதைக் கிட்டக் கொண்டுவரச் சின்னத் திருகாணி ஒன்று இருக்கும்.

சின்னவன் விடயத்தில் மட்டும் உங்களுக்கு ஒன்று வாங்கத்தான் வேண்டும்: முதுகு சாய, பட்டி போட, கால் வைக்கக் காப்புள்ள பிள்ளை இருக்கை. வெறும் கரியரில் துவாய் மடித்துப் போட்டு ஏற்றாதீர்கள். நான் ஏற்றினேன். மூத்தவனுக்கு அப்போது நாலு வயது, சந்தைக்குப் போய் வரும் வழியில் தூங்கிவிட்டான். தூக்கத்தில் கால் தொங்கி, குதிக்கால் பின்சில்லுக் கம்பிக்குள் போனது. சைக்கிள் நின்றபிறகுதான் அவன் சத்தம் எனக்குக் கேட்டது. குதியின் தோல் மடங்கி உரிந்து, ஆறுவதற்கு ஒன்றரை மாதம் எடுத்தது. இன்றைக்கும் அந்தத் தழும்பைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். கரியரில் போகும் பிள்ளைகளுக்கு வழமையாக வரும் காயம் இது. இருக்கை பூட்டிய பிறகும் சில்லின் இரண்டு பக்கமும் வலையோ தகடோ கட்டி மறையுங்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பின்னால் பிள்ளை இருந்தால் நீங்கள் காலைப் பின்பக்கமாக வீசி ஏற முடியாது. அப்பாவின் சைக்கிளில் நடுவில் பார் இருப்பதால் முன்பக்கமாகவும் ஏற முடியாது, அதுவும் சேலையோடு. ஆகவே மகனை ஏற்றுவதற்குப் பார் இல்லாத பெண்கள் சைக்கிள்தான் சரி. பழையதாக லுமாலா ஒன்று கிடைத்தால் நல்லது, ரலியில் பழகிய கை அதையும் திருத்தும். ஸ்டாண்ட் ஒற்றைக் காலாக இருந்தால் மாற்றிவிடுங்கள். ரலியில் இருப்பதுபோலப் பின்சில்லைத் தூக்கி நிறுத்தும் இரட்டை ஸ்டாண்ட் வேண்டும். அதில் நிறுத்தினாலும் பிள்ளையை மேலே விட்டுவிட்டு ஒரு அடிகூட விலக வேண்டாம்.

ஹெல்மெட் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி, நாடிப் பட்டிக்குள் ஒரு விரல் போகலாம், அதற்குமேல் தளர்வு கூடாது.

மூவரும் றோட்டில் இறங்கும்போது மகள் முன்னால், நீங்கள் பின்னால், அவளைவிட அரை மீற்றர் நடுறோட்டுப் பக்கமாக. பின்னால் வரும் பஸ் முதலில் காண்பது உங்களைத்தான், விலகுவதும் உங்களுக்காகத்தான். நின்றுகொண்டிருக்கும் ஓட்டோ, வான் பக்கத்தால் போகும்போது ஒரு கதவு திறக்கும் அளவு தள்ளிப் போக அவளுக்குப் பழக்குங்கள். மழை நாளில் ரலியின் பிறேக்கை நம்பாதீர்கள். இரும்பு றிம் நனைந்தால் கட்டை வழுக்கும், நிற்க வழமையைவிடப் பல மடங்கு தூரம் எடுக்கும்.

எங்கே ஓடுவது? முதல் மாதம் வீட்டிலிருந்து அலஸ்தோட்டம் வரை போய்த் திரும்புங்கள், போதும். அப்புறம் பட்டணம்: பின்விரிகுடாக் கரையோரமாக வந்து கோட்டை வாசல். அங்கே மேயும் புள்ளிமான்களைக் காட்டினால் மகள் அடுத்த ஞாயிறும் கேட்பாள். கோணேஸ்வரம் ஏற்றத்தை நடந்தே ஏறுங்கள். மூன்றாவது, வடக்கே சாம்பல்தீவு, நிலாவெளி. பாதை மட்டம், ஆனால் வாகனம் வேகமாக வரும், ஆகவே மகள் நேராகப் பிடித்து ஓடப் பழகிய பிறகு, ஆறு மணிக்குப் புறப்பட்டு எட்டுக்குள் வீடு. கன்னியா வெந்நீரூற்று பட்டணத்திலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவு. ஏழு கிணறும் ஏழு சூடு, ஒவ்வொன்றிலும் கை வைத்துப் பார்க்கப் பிள்ளைகளுக்கு வேறு காரணம் வேண்டாம்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில், மே தொடக்கம் செப்டெம்பர் வரை, எதிர்காற்றை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். கன்னியாப் பக்கம் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். களைத்த பிள்ளையோடு எதிர்காற்றில் வீடு திரும்புவதைப்போலச் சலிப்பு வேறில்லை.

கிண்ணியாப் பாலம் உங்கள் தனி ஓட்டத்துக்கு. ஒரு பக்கமே 20 கிலோமீற்றருக்குக் கிட்ட, சீனக்குடா தாண்டிப் போக வேண்டும். 2009 இல் பாலம் திறக்க முந்தி சைக்கிளைப் பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றித்தான் அக்கரை போவோம். இப்போது 396 மீற்றரையும் மிதித்தே கடக்கலாம். நடுவில் நின்று தண்ணீர் குடியுங்கள், காற்று அங்கே அப்படியொரு காற்று.

கடைசியாக, பின்னேரம் ஓடலாமா என்றீர்கள். நாலரை தொடக்கம் ஆறு வரை ஓடலாம். இருட்டிய பிறகு பிள்ளைகளோடு வேண்டாம். வாகனத்தை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. பகலில் சூடேறிய தாரில் மாடுகள் வந்து படுக்கும், கறுத்த மாடு கிட்டப்போகும்வரை தெரியாது. நீங்கள் தனியே வரவேண்டி வந்தால் ரலியின் டைனமோவை ரயரில் சாய்த்துப் பாருங்கள், பெரும்பாலும் பல்ப் மட்டும்தான் போயிருக்கும். டைனமோ வெளிச்சம் நீங்கள் நின்றால் தானும் அணையும், ஆகவே பின்னால் மட்காட்டில் சிவப்பு றிஃப்லெக்டர் ஒன்றையும் பற்றரி லைற் ஒன்றையும் பூட்டிவிடுங்கள். பிறேமைத் தட்டிப் பார்த்துவிட்டு என்ன சத்தம் கேட்டது என்று எழுதுங்கள், மிச்சத்தை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.